ஈயக் குழியில் கிடைத்த நத்தை
பாறைகளைக் கொண்டு பழங்கடலை அறியும் முறை

சில காலத்திற்கு முன்னர்க் கோப்பெங் வட்டாரத்திலுள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். தோட்ட மண்டபத்தில் நடைபெற்ற கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பின்னர், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், துணியில் சுற்றி வைத்திருந்த கல் ஒன்றை நம்மிடம் காட்டினார். உள்ளங்கை அளவே இருந்த அந்தச் சாம்பல்நிறக் கல்லின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் நத்தையோட்டின் சுருள் தெளிவாகத் தெரிந்தது. சுருளின் உட்பகுதி பாதி கருமையாகவும் பாதி வெண்மையாகவும் இருந்தது. இரண்டையும் நூல் பிடித்தாற் போன்ற நேர்கோடு ஒன்று பிரித்தது.

"ஐயா, என் தம்பி கம்பார் பக்கத்தில் ஈயக் குழியில் வேலை பார்த்தபோது இதைக் கொண்டு வந்து கொடுத்தான். கடல் நத்தை மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடல் எங்கே, கம்பார் எங்கே? கல்லுக்குள் நத்தை எப்படிப் போகும்? பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

பெரியவரின் வினா சாதாரண வினாவன்று. ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் விடை தேடிய வினா அது. அதற்கான விடையை நம் தோட்ட மக்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மண்குழி கற்பிக்கும் பாடம்

தோட்டங்களில் மேட்டு நிலத்து மண் மழையில் அரித்துச் செல்லாதிருக்கச் சரிவுகளில் மண்குழிகள் தோண்டி வைப்பதை நாம் அறிவோம். நெடுநாள் தூர் வாராமல் விடப்பட்ட குழி ஒன்றின் ஓரத்தை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து மேல்வரை பட்டை பட்டையாக மண் படிந்திருக்கக் காணலாம். பெருமழை பெய்த நாளில் வேகமாக ஓடி வந்த நீர் பருமணலையும் சிறு கற்களையும் கொண்டு வந்து போட்டிருக்கும். தூறல் நாளில் மெல்ல வந்த நீர் மாவு போன்ற களிமண்ணை மட்டும் படிய விட்டிருக்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில் விழுந்த சருகுகள் கரிய படலமாக இடையில் கிடக்கும். அடியிலிருப்பது முதலில் படிந்தது. மேலிருப்பது பின்னர்ப் படிந்தது. எந்தப் பட்டை எத்தகைய மழையில் படிந்தது என்பதையும் மண்ணின் பருமனைக் கொண்டே கூறிவிடலாம்.

கடலடியில் நடப்பதும் இதுவே. ஆறுகள் கொண்டு சேர்க்கும் மணலும் சேறும், கடலில் மடியும் உயிர்களின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிகின்றன. மேலே படிவனவற்றின் பாரத்தால் கீழுள்ளவை இறுகுகின்றன. நீரில் கரைந்துள்ள உப்புகள் அவற்றைப் பசைபோல் ஒட்டுகின்றன. பல இலட்சம் ஆண்டுகளில் மணல் மணற்கல்லாகவும், சேறு களிப்பாறையாகவும், ஓட்டுக் குவியல் சுண்ணாம்புக்கல்லாகவும் மாறுகின்றன. இவற்றைப் படிவுப் பாறைகள் என்பர்.

கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்னும் எளிய உண்மையை நூலில் முதன்முதல் தெளிவாக எழுதி வைத்தவர் டென்மார்க்கு நாட்டில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்பவர். அவர் இத்தாலியில் வாழ்ந்தபோது, 1666-ஆம் ஆண்டு பெரிய சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராயும் வாய்ப்பைப் பெற்றார். அதன் பற்கள், மலைப்பாறைகளில் கிடைத்த நாக்கு வடிவக் கற்களை ஒத்திருப்பதைக் கண்டார். அக்கற்கள் வானிலிருந்து விழுந்தவை என்று மக்கள் அதுவரை நம்பியிருந்தனர். அவை பழங்காலச் சுறாக்களின் பற்களே என்றும், அவை கிடைக்கும் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்தது என்றும் ஸ்டெனோ விளக்கினார். 1669-இல் அவர் வெளியிட்ட நூல் புவியியலுக்கு அடித்தளமாயிற்று.

கொல்லர் மகன் கண்ட உண்மை

பாறையில் பதிந்து எஞ்சிய உயிர்களின் ஓடுகளையும் எலும்புகளையும் சுவடுகளையும் புதைபடிவங்கள் என்கின்றோம். இவற்றைக் கொண்டு பாறைகளை வரிசைப்படுத்தலாம் என்று கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித். அவர் கொல்லர் ஒருவரின் மகன், பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்தார். வெட்டிய கரைகளில் தோன்றிய ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய சிப்பிகள் இருப்பதையும், நாட்டின் வேறு பகுதிகளிலும் அவை அதே வரிசையில் வருவதையும் அவர் கவனித்தார். 1815-இல் இங்கிலாந்தின் புவியியல் வரைபடத்தைத் தனி மனிதராக உருவாக்கி வெளியிட்டார். கடன் தொல்லையால் 1819-இல் சிறைக்கும் சென்றார். 1831-இல்தான் அறிஞர் உலகம் அவருக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டியது. அன்றாட வேலையின்போது கண்ணையும் கருத்தையும் திறந்து வைத்திருந்த உழைப்பாளி ஒருவர் ஓர் அறிவியல் துறையையே வளர்த்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

கல்லாகிய கடலுயிர்கள் நம்மவர்க்கும் புதியனவல்ல. வைணவ இல்லங்களில் வழிபடப்பெறும் சாளக்கிராமங்கள் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பவை. அவற்றுள் காணப்படும் சக்கரம், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரின் சுருள் ஓடாகும். இன்று இமயம் உயர்ந்து நிற்கும் இடத்தில் அன்று கடல் இருந்தது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

கடலின் தன்மையை அறிவது எங்ஙனம்?

பாறை கடலில் தோன்றியது என்று அறிந்தால் மட்டும் போதாது. அக்கடல் ஆழமானதா, ஆழமற்றதா? வெப்பமானதா, குளிர்ந்ததா? அமைதியானதா, அலை மிகுந்ததா? இவற்றுக்கு விடை காண ஆய்வாளர்கள் இருவகைச் சான்றுகளைத் தேடுகின்றனர்.

முதலாவது, பாறையின் தன்மை. பருமணலும் கூழாங்கற்களும் வலிய நீரோட்டத்தைக் காட்டும். மணற்கல்லின் மேல் காணும் அலைவரிகள், நாம் கடற்கரையில் கால் வைத்து நடக்கும் ஈரமணலின் வரிகளைப் போன்றவையே. நுண்ணிய களிப்பாறை அமைதியான நீரைக் காட்டும். அது கரிய நிறமாக இருப்பின், அடிநீரில் உயிர்க்காற்று குறைந்திருந்தது என்றும், மடிந்த உயிர்கள் முழுதும் மக்காமல் தங்கின என்றும் கொள்ளலாம்.

இரண்டாவது, உயிர்களின் தன்மை. பாறைத்திட்டுகளைக் கட்டும் பவளங்களுக்கு வெப்பமும் தெளிந்த நீரும் கதிரவன் ஒளியும் வேண்டும். ஆகவே பவளப்பாறை கிடைத்தால் அங்கு ஆழமற்ற வெப்பக்கடல் இருந்தது எனலாம். பியூசுலினா என்னும் வகை, நெல்மணி போன்ற வடிவமுடைய ஓரணு உயிர்களாகும். அவையும் ஆழமற்ற வெப்பக்கடலையே விரும்பின. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெர்மியன் காலத்தின் முடிவில், அவை முற்றாக அழிந்தன. ஆதலின் பியூசுலினா இருக்கும் பாறை அதற்கு முற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இவ்வாறு ஒரே உயிர் காலத்தையும் காட்டும், கடலின் தன்மையையும் காட்டும்.

ஓடுகளிலுள்ள உயிர்க்காற்று அணுக்களுங்கூடச் சான்று பகர்கின்றன. அவற்றுள் எடை மிகுந்தவையும் உண்டு, எடை குறைந்தவையும் உண்டு. நீர் குளிர்ந்திருக்கும்போது உருவாகும் ஓட்டில் எடை மிகுந்த அணுக்களின் விகிதம் கூடும். இதனைக் கொண்டு பழங்கடலின் வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று அமெரிக்க வேதியியல் அறிஞர் ஹெரால்டு யூரி 1947-இல் எடுத்துக் காட்டினார்.

லங்காவி என்னும் திறந்த ஏடு

இவ்வாறு கற்களைப் படிப்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த இடம் லங்காவித் தீவுக் கூட்டமாகும். அதன் சிறப்பைக் கருதியே 2007-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவுடன் உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக அது ஏற்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அப்பெருமையைப் பெற்ற முதல் இடம் அதுவே.

கம்பிவட ஊர்தி ஏறிச் செல்லும் மாட் சின்சாங் மலை, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மணற்கற்களால் ஆனது. அம்மணற்கல்லில் சாய்ந்த படலங்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. ஆற்று முகத்துவாரத்திலும் கரையோரக் கடலிலும் நீரோட்டம் மணலைத் தள்ளிச் சென்ற தடங்கள் அவை. அன்று நிலத்தில் மரமும் இல்லை, விலங்கும் இல்லை; உயிர்கள் கடலிலேயே வாழ்ந்தன.

அதற்குப் பிற்பட்டது கிளிம் ஆற்றோரத்தில் சதுப்புமரங்களுக்கிடையே நிற்கும் சேத்துல் சுண்ணாம்புக்கல். நெடிய கூம்பு போன்ற ஓடுகளைக் கொண்ட, கணவாய்க்கு உறவான உயிர்களின் புதைபடிவங்கள் இதில் உள்ளன. மணலும் சேறும் குறைந்த வெப்பக்கடல் அப்போது பரவியிருந்தது. ஆனால் இச்சுண்ணாம்புக்கல்லின் இடையே, லங்குன் தீவில், கரிய களிப்பாறை வருகின்றது. அதில் பென்சிலால் இழுத்த சிறு இரம்பம் போன்ற கோடுகள் காணப்படுகின்றன. அவை கிராப்டோலைட்டு என்னும் மிதவை உயிர்களின் எச்சங்கள். கடல் ஆழமாகி, அடிநீரில் உயிர்க்காற்று குறைந்த காலத்தை இவ்வடுக்கு குறிக்கின்றது.

இவற்றினும் வியப்பளிப்பது ஏறத்தாழ 30 கோடி முதல் 28 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிங்கா அடுக்காகும். இது நுண்ணிய கரிய சேற்றுப் பாறை. அமைதியான நீரில் படிந்த இச்சேற்றினுள் ஆங்காங்கே தனிக்கற்கள் புதைந்து கிடக்கின்றன. சேற்றை மட்டுமே கொண்டு வரக்கூடிய மெல்லிய நீரோட்டம் இக்கற்களை உருட்டி வந்திருக்க இயலாது. கல்லின் அடியிலுள்ள படலங்கள் கீழ்நோக்கி வளைந்துள்ளன. ஆகவே அவை மேலிருந்து விழுந்தவை. மேலிருந்து போட்டது யார்? பனிக்கட்டியே! பனியாறுகள் நிலத்திலிருந்து கற்களைப் பெயர்த்துக் கொண்டு கடலில் இறங்கின. மிதந்து சென்ற பனிக்கட்டிகள் உருகியபோது கற்கள் ஒவ்வொன்றாகக் கடலடிச் சேற்றில் விழுந்தன. ஸ்டாஃபர் முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் இதனை விரிவாக எடுத்துரைத்தனர்.

இன்று தென்னையும் சூரியனும் நிறைந்த லங்காவியில் பனிக்கட்டி மிதந்ததா என்று நீங்கள் வியக்கலாம். அன்று நம் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி இங்கு இல்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இணைந்திருந்த கொண்டுவானா என்னும் பெருநிலத்தின் ஓரத்தில், தெற்கே குளிர்ந்த கடலில் இருந்தது. பின்னர் அதனின்று பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்தது. இதற்குச் சான்று சிங்கா அடுக்கின் மேலேயே உள்ளது. அதன்மேல் அமைந்த சூப்பிங் சுண்ணாம்புக்கல் வெப்பக்கடலில் உருவானது. குளிர்க்கடல் அடுக்கின்மேல் வெப்பக்கடல் அடுக்கு அமர்ந்திருப்பதைக் கொண்டு, நிலமே பயணம் செய்ததை அறிகின்றோம்.

கிந்தாப் பள்ளத்தாக்கும் நம் பெரியவரின் கல்லும்

இனிப் பெரியவரின் கல்லுக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுப்பதற்காக மேல்மண் முழுதும் அகற்றப்பட்டபோது, அடியிலிருந்த சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. மலைகளில் உள்ள சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் வெப்பத்தால் உருமாறிய நிலையில் உள்ளது. ஆனால் கம்பாருக்கு மேற்கேயுள்ள குழிகள் சிலவற்றில் புதைபடிவங்கள் மிகச் செம்மையாக இருந்தன. சுந்தரலிங்கம் என்னும் புவியியல் அறிஞர் அவற்றைக் குழி குழியாக ஆராய்ந்து, டெவோனியன் காலம் முதல் பெர்மியன் காலம் வரை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடல் வரலாற்றை வரிசைப்படுத்தி, 1968-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வடுக்குகளுக்கு அவை வெளிப்பட்ட ஈயச் சுரங்கங்களின் பெயர்களையே சூட்டினார். அவற்றுள் எச்.எஸ். லீ சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய அடுக்கு உலக ஆய்வாளர்களின் கவனத்தைக் கவர்ந்தது. அமெரிக்க அறிஞர் ரோஜர் பேட்டன், பேராக்கின் பெர்மியன் கால நத்தைகளை 1972, 1979, 1985 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக விவரித்து எழுதினார். ஆகவே, கம்பார்க் கல்லில் கடல் நத்தை இருப்பது விந்தையன்று. கம்பாரே கடலடியாக இருந்தது.

கல்லினுள் கண்ட பாதிக் கருமையும் பாதி வெண்மையும் எதனைக் குறிக்கும்? நத்தை இறந்தபின் வெற்று ஓட்டினுள் சேறு புகுந்து பாதியளவு நிரம்பியது. மங்கு சாய்ந்திருந்தாலும் அதிலுள்ள பால் மட்டமாகவே நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதுபோலவே ஓடு எப்படிக் கிடந்தாலும் சேறு மட்டமாகப் படிந்தது. எஞ்சிய வெற்றிடத்தில் பின்னர் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிகம் வளர்ந்தது. அவ்விரண்டையும் பிரிக்கும் கோடே அன்றைய கடலடியின் கிடைமட்டக் கோடு! பூமியின் அழுத்தத்தால் மடிந்து தலைகீழான பாறைகளிலும் எது மேல், எது கீழ் என்பதை இக்கோட்டைக் கொண்டு ஆய்வாளர் அறிகின்றனர்.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறும்போது இத்தகைய நத்தைகள் நம் கண்ணில் படாதது ஏன்? அதுவும் கடலில் தோன்றிய சுண்ணாம்புக்கல்லே; ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆயினும் அருகில் பாறைக்குழம்பு எழுந்து கருங்கல்லாக இறுகியபோது உண்டான வெப்பம் சுண்ணாம்புக்கல்லைச் சலவைக்கல்லாக்கிவிட்டது. அதிலிருந்த ஓடுகளில் பெரும்பாலானவை உருவழிந்தன.

பால் உறைய வைக்கும் அமிலமும் பழங்கடலும்

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை நாம் நன்கு அறிவோம். அதே அமிலம், நீர் கலந்த நிலையில், புதைபடிவ ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகின்றது. சுண்ணாம்புக்கல்லை அதில் இட்டால் கல் மெல்லக் கரையும்; மணலினும் சிறிய பற்கள் போன்ற துண்டுகள் கரையாமல் அடியில் தங்கும். அவை கொனடொண்டு எனப்படும். இவை எந்த விலங்கினுடையவை என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஸ்காட்லாந்தில் கிடைத்து 1983-இல் விவரிக்கப்பட்ட புதைபடிவம் ஒன்று, அவை விலாங்கு போன்ற சிறு கடலுயிரின் பற்கள் என்பதைக் காட்டியது. குவாந்தானுக்கு அருகிலுள்ள பாஞ்சிங் சுண்ணாம்புக்கல்லின் காலம் இப்பற்களைக் கொண்டே நன்கு அறியப்பட்டது.

கொனடொண்டு இயல்பாக வெளிர்மஞ்சள் நிறமுடையது. பாறை சூடேறச் சூடேற அது பழுப்பாகிக் கருமையாகும். அந்நிறத்தைப் பார்த்துப் பாறை எவ்வளவு சூடேறியது என்று அறிகின்றனர். பாறையிலுள்ள உயிர்ப்பொருள் எண்ணெயாக மாறப் போதிய வெப்பம் இருந்ததா, எண்ணெயும் அழியும்படி மிகுந்துவிட்டதா என்பதை இது காட்டும். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர், துளையிலிருந்து வரும் கல்துகளில் உள்ள நுண்ணிய ஓடுகளைக் கொண்டு தாங்கள் எந்த அடுக்கை அடைந்துள்ளனர் என்பதையும் அறிகின்றனர். புதைபடிவம் வெறும் வேடிக்கைப் பொருளன்று. நாட்டின் செல்வத்தைத் தேடவும் அது வழிகாட்டுகின்றது.

ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு செய்வது தவறு என்பதையும் இங்குக் கூற வேண்டும். கரையோரச் சிப்பியைப் புயல் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றிருக்கலாம். பழைய பாறையிலிருந்து பெயர்ந்த ஓடு புதிய அடுக்கில் கலந்திருக்கலாம். ஆகவே பாறை, ஓடு, அடுக்கின் வரிசை ஆகிய மூன்றும் ஒத்துரைத்தால்தான் ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வருகின்றனர்.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வளவும் கேட்ட பெரியவரிடம், "இந்தக் கல் எந்தக் குழியில் கிடைத்தது?" என்று வினவினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "தம்பி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, ஐயா. அப்போது கேட்டு வைக்கத் தோன்றவில்லை" என்றார்.

1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குழிகளில் நீர் நிரம்பிக் குட்டைகளாயின. அவற்றின் அடியில் கிடக்கும் அடுக்குகளை இனி எளிதில் காண இயலாது. சுந்தரலிங்கம் போன்றோர் உரிய காலத்தில் எழுதி வைத்தமையாலேயே அவ்வரலாறு நமக்கு எஞ்சியது. இடம் எழுதப்படாத கல், முகவரி எழுதப்படாத கடிதத்தைப் போன்றது. அதில் செய்தி இருந்தும் சேர வேண்டிய இடத்தைச் சேராது. சுண்ணாம்பு மலைகள் கற்சுரங்கங்களுக்காக உடைக்கப்படும் இடங்களிலும் இதுவே நிலை. வீடும் சாலையும் அமைக்கக் கல் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் உடைபட்ட அடுக்கை எவராலும் மீண்டும் அடுக்க முடியாது. ஆகவே உடைபடுமுன் அது படிக்கப்பட வேண்டும்.

கிந்தாப் பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இயற்கை மரபுச் செல்வங்களையும் கருத்தில் கொள்கின்றது. எனினும், நாள்தோறும் மண்ணோடும் கல்லோடும் பழகும் மக்களின் உதவியின்றி இவற்றைக் காத்தல் அரிது.

ஓடு, எலும்பு, இலைச்சுவடு போன்றவை பதிந்த கல்லைக் கண்டால் சுத்தியலால் உடைக்காதீர்கள். இடத்தையும் நாளையும் தாளில் குறித்துக் கல்லோடு வையுங்கள். கல் கிடந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது மேலும் நன்று. பின்னர்ப் பள்ளி ஆசிரியர் வாயிலாகவோ நேரிலோ கனிமவள, புவியறிவியல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். ஈப்போவில் அவ்விலாகாவின் புவியியல் அரும்பொருளகம் உள்ளது. பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று காட்டலாம். ஆனால் கல் தேடும் ஆர்வத்தில் சுண்ணாம்பு மலைகளின் செங்குத்தான அடிவாரத்திற்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 1973-ஆம் ஆண்டு ஈப்போவின் குனோங் செரோ மலையிலிருந்து பெயர்ந்த பாறை விழுந்து ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டதை நாம் மறத்தலாகாது.

விடைபெறும் வேளையில் பெரியவர் அக்கல்லைத் தோட்டப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவதாகக் கூறினார். அதனுடன் வைப்பதற்காக, "கம்பார் வட்டாரம், ஈயக் குழி, இடம் தெரியாது, தம்பி கொடுத்தது" என்று அவர் சொல்லச் சொல்ல அவருடைய பேத்தி தாளில் எழுதினாள். அடுத்த கல்லுக்குரிய தாளில் இடத்தின் பெயரும் இடம்பெறும் என்று நம்புகின்றோம்.